ஜிகர்தண்டா: பெயரும் பிறப்பும் அறிவிப்பாளர் தொடரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், விருத்தாசலத்தில் நடைபெற்ற வலீமா விருந்தொன்றில் நாம் கலந்துகொள்ள நேர்ந்தது. மணமகன் நம்மிடம் ஏழாண்டுகள் ஓதிய மாணவர். அவருடைய குடும்பத்தார் அவ்வூரின் பீங்கான் தொழிலைச் சார்ந்து வாழ்பவர்கள். உணவுக்குப் பின்னர் விருந்தினர் யாவருக்கும் ஜிகர்தண்டா வழங்கப்பட்டது. மதுரைக் கடைகளில் கண்ணாடிக் குவளையில் தரப்படும் அப்பானம், இங்கே அவர்கள் தாமே வார்த்துச் சுட்டெடுத்த வெண்ணிறப் பீங்கான் கோப்பைகளில் வந்தது.

கோப்பை கைக்கு வந்தவுடன் உரையாடலும் வந்தது. இது முகலாயர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து என்றார் முதியவர் ஒருவர். ஆர்க்காட்டு நவாபின் சமையற்கூடத்தில் பிறந்தது என்றார் வேறொருவர். மதுரைக் கடைத்தெருவைத் தவிர வேறெங்கும் இதற்குப் பூர்விகம் கிடையாது என்றார் அங்குப் பணிபுரியும் இளைஞர். அப்போது மணமகனின் தொழில் நண்பரும் பிற சமயத்தவருமான ஒருவர், "முகலாயர் கொண்டுவந்தது என்றால் இது வெளியூர்ச் சரக்குதானே, இதை மதுரைக்குப் பெருமை என்று ஏன் சொல்கிறோம்?" என்று கேட்டார். அதில் பகைமை இல்லை. உண்மையான ஐயமே இருந்தது.

முதியவர் தம் கூற்றுக்கு ஆதாரம் காட்டினார். அந்த ஆதாரம் நம்மைத் திடுக்கிடச் செய்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டு விழா மலரில் நாம் எழுதிய கட்டுரையே அது! தென்னாட்டு முஸ்லிம்களின் உணவுப் பண்பாடு பற்றிய அக்கட்டுரையில், ஜிகர்தண்டா முகலாயர் வழியாகத் தமிழகம் வந்தது என்று ஒரே வரியில் நாம் எழுதியிருந்தோம். "அரபுக் கல்லூரி ஆசிரியரே எழுதியிருக்கிறார். அவரும் இதோ அமர்ந்திருக்கிறார்" என்று அவர் நம்மைச் சுட்டினார். மணமகன் குனிந்து மெல்லிய குரலில், "ஹஜ்ரத், அந்தச் செய்திக்கு ஸனது என்ன?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. யாரோ சொல்லக் கேட்டதை எழுதியிருந்தோம். அந்த யாரோ எவர் என்பதும் நினைவில் இல்லை. ஹதீஸ் வகுப்பில் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாம், நம் சொந்த எழுத்தில் அந்த அளவுகோலை மறந்திருந்தோம். அக்கேள்விக்குக் காலம் கடந்தேனும் விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

குளிர்பானமும் இமாம் திர்மிதியும்

ஒரு குவளைப் பானத்துக்கு இத்துணை ஆராய்ச்சி தேவையா என வாசகர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. ஹிஜ்ரி 279இல் மறைந்த இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பில் பானங்கள் பற்றிய பகுதியில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் குளிர்ந்த இனிய பானமே மிகவும் விருப்பமானதாக இருந்தது என்னும் செய்தியைப் பதிவு செய்கிறார்கள். சுஃப்யான் இப்னு உயைனா, மஃமர் வழியாகவும், மஃமர் ஸுஹ்ரீ வழியாகவும், ஸுஹ்ரீ உர்வா வழியாகவும், உர்வா அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகவும் அறிவிப்பதாக அத்தொடர் அமைந்துள்ளது.

தொடர் முழுமையாக இருக்கிறது. செய்தியும் உள்ளத்துக்கு உவப்பானது. ஆயினும் இமாம் அவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. ஸுஹ்ரீ அவர்கள் நபித்தோழர் எவரையும் இடையில் குறிப்பிடாமல் நேரடியாக நபியவர்களைப் பற்றி அறிவிக்கும் 'முர்ஸல்' வடிவமே சரியானது என்று வேறொரு தொடரையும் எடுத்துக்காட்டித் தம் முடிவைச் சொல்கிறார்கள். இச்செய்தியால் ஹலால், ஹராம் எதுவும் மாறுவதில்லை. குளிர்ந்த பானம் பிடித்தமானது என்னும் எளிய செய்திதான். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறதா இல்லையா என்பதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்பதே அவர்களின் நெறி.

ஹதீஸ் கலையின் விதிகளை அப்படியே உலகியல் வரலாற்றின் மீது ஏற்ற முடியாது என்பதை நாம் அறிவோம். வரலாற்றாசிரியருக்குக் கல்வெட்டும் கணக்கேடும் பயணக் குறிப்பும் சான்றாகும். ஆனால் அக்கலையின் இரண்டு அடிப்படைக் கேள்விகள் எந்தச் செய்திக்கும் பொருந்துவன. யார் சொன்னது, அவர் எவரிடமிருந்து பெற்றார் என்பது முதற்கேள்வி. இது ஸனதைப் பற்றியது. சொல்லப்படும் செய்தி தன்னளவில் பொருந்தி வருகிறதா என்பது இரண்டாவது. இது மத்னைப் பற்றியது. இவ்விரண்டையும் கொண்டு ஜிகர்தண்டாவின் கதையை நோக்குவோம்.

முகலாயர் கதை

மதுரை ஜிகர்தண்டா என்று இன்று நாம் அருந்துவது இன்னதென முதலில் வரையறுத்துக்கொள்வோம். நீண்ட நேரம் காய்ச்சிச் சுண்டவைத்த பால், கடற்பாசி அல்லது ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரிச் சாறு, சர்க்கரைப் பாகு, மேலே பாலேட்டுச் சுவையுடைய ஐஸ்கிரீம் ஆகியவையே அதன் உறுப்புகள். கடைக்குக் கடை அளவும் வரிசையும் வேறுபடும். மதுரை விளக்குத்தூண் பகுதியில் பெயர்பெற்று விளங்கும் கடையொன்று 1977ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கூறுகிறது. 2014இல் இப்பெயரிலேயே ஒரு திரைப்படம் வெளிவந்த பின்னர், மதுரையைப் பார்த்திராதவர்க்கும் இச்சொல் பழக்கமாயிற்று.

இப்பானத்தை முகலாயர் கொண்டுவந்தனர் என்போர், எந்த மன்னர், எந்த ஆண்டு, எந்த நூல் என்பதைச் சொல்வதில்லை. அக்பரின் அரசவை நடைமுறைகளை மிக நுணுக்கமாக விவரிக்கும் நூல் அபுல் ஃபஸலின் ஆயினே அக்பரி. அரண்மனைச் சமையற்கூடத்தில் என்னென்ன சமைக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நெய், எவ்வளவு அரிசி என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு. குடிநீர்க்கென்றே 'ஆப்தார்கானா' என்னும் தனித்துறை இருந்ததையும், வெடியுப்பு கலந்த நீரில் குடங்களை அமிழ்த்திக் குடிநீரைக் குளிர்வித்ததையும், 1586ஐ ஒட்டி அரசவை லாகூருக்கு மாறிய பின் வடமலைகளிலிருந்து பனிக்கட்டி வரவழைத்ததையும் அந்நூல் கூறுகிறது. ஜிகர்தண்டா என்னும் பெயர் மட்டும் அவ்வுணவுப் பட்டியலில் இல்லை.

முகலாயருக்கும் மதுரைக்கும் இருந்த தொடர்பையும் நோக்க வேண்டும். அவுரங்கசீப்பின் படைகள் நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் செஞ்சியைக் கைப்பற்றின. செஞ்சி விருத்தாசலத்துக்கு வடக்கே, இதே நடுநாட்டுப் பகுதியை ஒட்டியது. மதுரையோ அப்போது நாயக்கராட்சியின் கீழ் இருந்தது. இராணி மங்கம்மாள் முகலாயருக்குத் திறை செலுத்தி நாட்டைக் காத்துக்கொண்டார். திறை வாங்கிய பேரரசு மதுரைத் தெருவுக்குப் பானத்தையும் தந்தது என்று சொல்ல நமக்குச் சான்று வேண்டும், அது கிடைக்கவில்லை.

இன்னும் முந்தைய காலத்துக்குச் சென்று மதுரை சுல்தான்களைச் சுட்டுவோரும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் ஒரு முஸ்லிம் அரசு இருந்ததும், இப்னு பதூதா அங்கு வந்து தங்கியதும் உண்மை. தில்லி அரசவை விருந்துகளில் உணவுக்கு முன் சர்க்கரை கரைத்த ஷர்பத் தரப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். மதுரையைப் பற்றி எழுதும்போது, அங்குப் பரவியிருந்த கொள்ளைநோயே அவர் எழுத்தில் முன்னிற்கிறது. அவர் ஒரு பானத்தைக் குறிப்பிடாததால் அது இல்லை என்று முடிவு கட்டுவது சரியன்று. ஆனால் குறிப்பிடாத ஒன்றை அவர் காலத்தில் இருந்ததாகச் சொல்வது அதைவிடத் தவறு.

நவாபுகளைப் பற்றிய கூற்று சற்று வேறுபட்டது. 1736இல் நாயக்கராட்சி முடிவுற்ற பின் மதுரை ஆர்க்காட்டு நவாபின் அரசியல் வட்டத்துக்குள் வந்தது. மருதநாயகம் என்றும் அறியப்படும் யூசுப்கான் 1759 முதல் 1764இல் தூக்கிலிடப்படும் வரை மதுரையை நிருவகித்தார். படைவீரரும் எழுத்தரும் வணிகருமாக உருது, தக்னி மொழி பேசுவோர் தென்னகமெங்கும் குடியேற இக்காலம் வழிவகுத்தது. இவர்கள் வாயிலாக ஒரு பெயர் வந்திருக்கக்கூடும் என்பது அறிவுக்கு ஒத்த ஊகம். ஆயினும் 'வந்திருக்கக்கூடும்' என்பதற்கும் 'வந்தது' என்பதற்கும் இடையில் ஓர் அறிவிப்பாளர் தேவை. அவரை நாம் காணவில்லை.

பெயர் சொல்லும் சான்று

ஸனது கிடைக்காதபோது மத்னை நோக்குவோம். பெயரே நம்மிடம் உள்ள மிகப் பழைய சான்று. 'ஜிகர்' என்பது பாரசீகச் சொல்; ஈரல் என்று பொருள். பாரசீகத்திலும் உருதுவிலும் அது நெஞ்சையும் துணிவையும் அன்புக்குரியவரையும் குறிக்க விரிந்தது. 'தண்டா' என்பதோ பாரசீகம் அன்று. குளிர்ச்சியைக் குறிக்கும் இந்தியச் சொல். அதன் முதலெழுத்தாகிய நாவளை ஒலி பாரசீக மொழியில் இல்லை. ஈரானியர் இப்பெயரை இட்டிருப்பின் குளிர்ச்சிக்கு 'ஸர்த்' என்றோ 'குனுக்' என்றோ தம் சொல்லையே பயன்படுத்தியிருப்பர். அரபியரைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. 'ஜிகர்' என்பதன் நடுவிலுள்ள ககர ஒலிக்கே இலக்கிய அரபியில் எழுத்துக் கிடையாது.

ஆகவே இப்பெயர் பாரசீகத்தில் பிறந்ததன்று; அரபியில் பிறந்ததுமன்று. பாரசீகச் சொல்லும் இந்தியச் சொல்லும் ஒரே வாயில் இயல்பாகக் கலந்து வழங்கிய உருது அல்லது தக்னிச் சூழலில், இந்திய மண்ணிலேயே பிறந்தது. நெஞ்சுக்கு நிறைவு தருவதைக் 'கலேஜா தண்டா' என்று உருது மொழியினர் கூறுவர். தமிழர் நெஞ்சு குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்பர். பெயரைப் பொறுத்தவரை நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே.

பெயர் எம்மொழியோ பொருளும் அந்நாட்டதே என்று கொள்ளலாமா? இதற்கு விருத்தாசலமே விடை கூறுகிறது. அவ்வூரின் பழந்தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் வழங்கும். முதிர்ந்த மலை என்னும் அப்பொருளையே வடமொழியில் பெயர்த்து விருத்தாசலம் என்றனர். இன்று அரசேடுகளிலும் தொடர்வண்டிச் சந்திப்பின் பலகையிலும் வடமொழிப் பெயரே உள்ளது. அதனால் அக்குன்று வடக்கிலிருந்து வந்தது என்று எவரும் சொல்வதில்லை. மணிமுத்தாற்றின் கரையில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிரியாணியையும் நோக்கலாம். வறுத்தல், பொரித்தல் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. திண்டுக்கல்லில் அது சீரகச் சம்பா அரிசியில் சமைக்கப்படுகிறது. பெயர் ஒரு வழியில் வந்தது. அரிசி உள்ளூர் வயலில் விளைந்தது. பக்குவம் உள்ளூர்க் கையில் உருவாயிற்று. இம்மூன்றுக்கும் ஒரே வரலாறு எழுத முயன்றால் மூன்றுமே பிழையாகிவிடும்.

பனிக்கட்டியும் கடற்பாசியும்

உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கினால் காலத்தைப் பற்றிய தெளிவு இன்னும் கூடுகிறது. ஜிகர்தண்டாவில் தவிர்க்க முடியாதது குளிர். அக்பருக்கு இமயம் அருகில் இருந்தது. மதுரைக்கு எந்தப் பனிமலையும் அருகில் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் அனுப்பிய பனிக்கட்டிக் கப்பல் 1833இல் கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் அப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியபின் அக்கப்பல் வணிகம் மறைந்தது. தெருவோரக் கடையில் எளியவர் வாங்கிக் குடிக்கும் விலைக்குப் பனிக்கட்டி உள்நாட்டு நகரங்களை எட்டியது அதற்கும் பின்னரே.

எனவே பனியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த இன்றைய ஜிகர்தண்டா, தன் இன்றைய வடிவில், இயந்திரப் பனிக்கட்டிக் காலத்துப் பிள்ளை. பனியில்லாத முன்வடிவம் ஒன்று இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கலாம். ஆனால் குளிர்ச்சியைத் தன் பெயரிலேயே கொண்ட ஒரு பானத்திலிருந்து குளிரை நீக்கிவிட்டால் எஞ்சுவது கடற்பாசி கலந்த பால். அதற்கு வேறொரு வரலாறு உண்டு.

அந்த வரலாறு கடலைச் சார்ந்தது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருளுக்கு உலகம் வழங்கும் 'அகர் அகர்' என்னும் பெயர் மலாய் மொழியினது. அதைப் பிரித்தெடுத்து உலர்த்தும் கலை 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் உருவானதாகக் கூறப்படுகிறது. நம் கடைகளில் அதற்குச் சைனா கிராஸ் என்று பெயர். இவ்வாறு ஒரே பொருளுக்கு மலாய், ஜப்பான், சீனம் என மூன்று முகவரிகள்! அதே வேளை, மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம், மண்டபம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கி அப்பாசியைத் திரட்டுகின்றனர். அதைப் பதப்படுத்தும் அகர் ஆலைகள் பல மதுரையைச் சுற்றியே அமைந்தன. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் ரமலான் மாதத்து இஃப்தார் விரிப்பில் கடற்பாசி இனிப்பு நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. அவ்வூர்களுக்கும் மலாய் உலகுக்கும் இருந்த கப்பல் தொடர்பு யாவரும் அறிந்ததே. இதை வைத்து ஜிகர்தண்டாவின் பிறப்பிடம் காயல்பட்டினம் என்று நாம் சொல்லிவிடப் போவதில்லை. தில்லியை நோக்கியே கண்ணை வைத்திருந்தால் தெற்கேயுள்ள கடல் கண்ணில் படாமற் போய்விடும் என்பதற்காகவே இதைச் சுட்டுகிறோம்.

பாதாம் பிசினைப் பற்றியும் ஒரு சொல். யுனானி மருத்துவத்தில் 'கதீரா' எனப்படும் பிசின் ஈரானிய மலைச்செடிகளிலிருந்து பெறப்பட்டது. இப்னு ஸீனாவின் மருத்துவ நூலும் அதை அறியும். இதைக் கொண்டு ஜிகர்தண்டாவை ஈரானுக்கு உரித்தாக்குவோர் உண்டு. கதீரா என்னும் ஒரே பெயரில் இந்தியச் சந்தையில் வெவ்வேறு மரங்களின் பிசின்கள் வழங்குகின்றன. ஒரு பெயர் பல பொருளைக் குறிக்கும்போது அதை வைத்து வழக்கை முடிக்க இயலாது. நன்னாரியைப் பற்றியோ எந்த வழக்கும் இல்லை. அது நம் நிலத்து வேர்.

லெபனானின் ஜுல்லாப்

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. லெபனானிலும் சிரியாவிலும் ரமலான் மாதத்தில் 'ஜுல்லாப்' என்னும் பானத்தை விரும்பி அருந்துவர்; பேச்சு வழக்கில் அது 'ஜல்லாப்' ஆகும். பேரீச்சை அல்லது திராட்சைப் பாகில் பன்னீர் கலந்து, பனிக்கட்டி இட்டு, மேலே பைன் கொட்டைகளைத் தூவித் தருவர். இப்பெயரின் மூலம் பாரசீகத்தின் 'குலாப்'. பன்னீர் என்று பொருள். அரபியில் ககரம் ஜகரமாகி ஜுல்லாப் ஆயிற்று. அதே சொல் இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று 'ஜூலெப்' என மருந்துப் பாகையும் பானத்தையும் குறித்தது.

பெய்ரூத் நகரத்துக் கடைக்காரர் தம் ஜுல்லாபைப் பாரசீகப் பானம் என்று சொல்லி விற்பதில்லை. பெயர் வந்த வழியை அறிந்த மொழியறிஞரும் அதனை ஈரானுக்குத் திருப்பித் தரச் சொல்வதில்லை. பெயரின் பயணத்தை ஒருபுறமும், பானம் உருப்பெற்ற இடத்தை மறுபுறமும் வைத்துப் பார்க்க அவர்களால் இயலுகிறது. நமக்கும் அது இயல வேண்டும்.

பீங்கான் கற்பிக்கும் பாடம்

விருந்து முடிந்த மறுநாள் காலை, நம் மாணவர் தம் குடும்பத்தாரின் பட்டறைக்கு நம்மை அழைத்துச் சென்றார். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அதற்கான தொழிற்பேட்டையும் அங்கு உண்டு. கார்த்திகை விளக்குகளும் பொம்மைகளும் அங்கிருந்து ஊர் ஊராகச் செல்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிப்படும் வெண்களிமண் அருகில் கிடைத்தது இத்தொழிலுக்குத் துணையாயிற்று.

களிமண் மட்டும் கோப்பையாகிவிடாது என்பதை அங்குதான் கண்டோம். அதனுடன் குவார்ட்ஸ் என்னும் வெண்கல் பொடியும் பெல்ஸ்பார் என்னும் உருகுகல் பொடியும் சேர வேண்டும். அவை வேறு வேறு ஊர்களிலிருந்து வருகின்றன. கலவையைக் கூழாக்கிப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்சியதும் உருவம் பிரிகிறது. உலர்த்தி, மெருகுக் கலவை பூசி, 1200 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் சூளையில் சுடுகின்றனர். சூளையிலிருந்து வெளிவந்த பின்னர் களிமண் எது, கல் எது என்று பிரிக்க எவராலும் முடியாது.

'இந்தக் கோப்பை எந்த ஊர்க் கோப்பை?' என்று மாணவரின் தந்தையாரிடம் கேட்டோம். "சுட்ட ஊர்தான் ஹஜ்ரத் அதற்கு ஊர்" என்றார் அவர். மண் வந்த ஊரையும் கல் வந்த ஊரையும் அவர் மறைக்கவில்லை. கேட்டவுடன் வரிசையாகச் சொன்னார். ஆனால் முத்திரை சுட்ட ஊருக்கே உரியது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை.

பீங்கான் என்னும் தமிழ்ச் சொல்லும் இதே பாடத்தைத் தருகிறது. அதனைக் கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் பாரசீகச் சொல்லோடு இணைத்துக் காட்டுவர். அரபியர் காப்பி அருந்தும் சிறு கோப்பைக்கு 'ஃபின்ஜான்' என்று பெயர். அதுவும் அதே சொல்லின் அரபி வடிவமே. நம் மாணவர் அரபி வகுப்பில் ஃபின்ஜான் என்று படித்ததும், அவருடைய தந்தையார் பட்டறையில் பீங்கான் என்று சொன்னதும் உடன்பிறந்த இரு சொற்கள். சொல் உறவுடையது என்பதால் விருத்தாசலத்துக் கோப்பை ஈரானியக் கோப்பை ஆகிவிடாது. நெய்வேலி மண்ணால் ஆனது என்பதால் அந்தச் சொல்லின் பாரசீக உறவு பொய்யாகிவிடவும் மாட்டாது.

ஜிகர்தண்டாவுக்கும் இதுவே முறை. அதன் பெயர் உருது வழங்கிய வாயில் பிறந்தது. அதன் பாசி மன்னார்க் கடலுக்கும் மலாய்ச் சொல்லுக்கும் உறவுடையது. அதன் வேர் நம் காட்டில் விளைந்தது. அதன் குளிர் இயந்திரம் தந்தது. இவை யாவும் ஒரு குவளைக்குள் ஒன்றாகிப் பெயர் பெற்ற ஊர் மதுரை. அதை முதலில் கலந்தவர் பெயரை அறிய நமக்கு வழியில்லை. மதுரைக் கடைத்தெருவின் உழைப்பாளர்கள், அவர்களுள் நம் சமுதாயத்தவரும் கணிசமாக இருக்க, அதை வளர்த்துக் காத்தனர் என்பது கண்ணெதிரே உள்ள உண்மை.

ஈரமுள்ள ஈரல்

இக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்போது நமக்கு ஒரு சோதனை ஏற்பட்டது. அதையும் சொல்லிவிடுகிறோம். தாகத்தை ஈரலின் வெப்பமாகக் கருதுவது பண்டை அரபியர் வழக்கு. வழிப்போக்கர் ஒருவர் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு வந்து, தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குப் புகட்டிய நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. விலங்குகளுக்கு உதவுவதிலும் நற்கூலி உண்டா எனத் தோழர்கள் வினவியபோது, ஈரமுள்ள ஈரலைக் கொண்ட எவ்வுயிர்க்குச் செய்யும் உதவியிலும் கூலி உண்டு என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

ஈரலைக் குளிர்விப்பது என்பதே ஜிகர்தண்டாவின் சொற்பொருள். இவ்விரண்டையும் இணைத்து, இப்பானத்தின் பெயர் அந்த நபிமொழியிலிருந்தே பிறந்தது என்று ஒரு வரி எழுத நம் பேனா துடித்தது. எழுதினால் வாசகர் மகிழ்வர். மேடைகளிலும் எடுத்துச் சொல்வர். ஆயினும் ஒப்புமை வேறு, வழித்தோன்றல் வேறு. ஈரலையும் குளிர்ச்சியையும் இணைக்கும் கற்பனை பல மொழிகளில் தனித்தனியே தோன்றக்கூடியது. பழைய மலரில் நாம் செய்த தவறும் இவ்வாறு ஓர் இனிய வரியை எழுதும் ஆசையிலிருந்தே பிறந்தது.

இதில் சமுதாயத்துக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். விருந்தில் எழுந்த அந்த நண்பரின் கேள்வியை நினைவுகூர்க. நாம் பெருமைக்காகச் சொன்ன ஆதாரமற்ற ஒரு வரி, இது வெளியிலிருந்து வந்தது என்னும் ஐயத்துக்கு அவரிடம் ஆதாரமாயிற்று. பேரரசர்களோடு உறவு கொண்டாடும் ஆசையில், நூற்றாண்டுகளாக இம்மண்ணில் உழைத்து வாழும் நம் மக்களின் கைத்திறனை நாமே அன்னியர் கணக்கில் எழுதிவிடுகிறோம். அல்ஹுஜுராத் அத்தியாயம் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு கட்டளையிடுகையில், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று காரணத்தையும் சேர்த்தே கூறுகிறது. அந்தக் கூட்டத்தார் சில வேளை நாமாகவே இருந்துவிடுகிறோம்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எகிப்து சென்ற பின் தம் முந்தைய தீர்ப்புகள் பலவற்றை மாற்றி உரைத்தார்கள். அவர்களின் பழைய கூற்று, புதிய கூற்று என்று இன்றும் பிரித்தே ஓதுகிறோம். தம் சொல்லிலிருந்து மீள்வது அவர்களின் மதிப்பைக் குறைக்கவில்லை. நாமோ மிகச் சிறியவர்கள். அம்மலரில் எழுதிய வரியிலிருந்து நாம் இங்கு மீள்கிறோம். ஜிகர்தண்டாவை முகலாயர் கொண்டுவந்தனர் என்பதற்கு நாம் அறிந்தவரை ஸனது இல்லை. பெயர் உருதுச் சூழலில் பிறந்தது. பானம் மதுரையில் உருப்பெற்றது. இனி எவரேனும் பழைய மலரை ஆதாரமாகக் காட்டினால், அதை எழுதியவர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறோம்.

புறப்படும்போது நம் மாணவர் அந்த வெண்ணிறக் கோப்பைகளுள் ஒன்றைத் தாளில் சுற்றித் தந்தார். அது இப்போது நம் வகுப்பறை மேசையில் இருக்கிறது. அறிவிப்பாளர் தொடர் பற்றிய முதற்பாடத்தை இப்போதெல்லாம் அதைக் காட்டியே தொடங்குகிறோம். மண் எங்கிருந்து வந்தது, கல் எங்கிருந்து வந்தது, சூளை எங்கே, இச்செய்தியை நமக்குச் சொன்னவர் யார் என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விக்கு மட்டும் நாமே விடை கூறுகிறோம்: சுட்டவரிடமே நேரில் கேட்டறிந்தோம்.